நன்றாக நிறமேறும் துண்டு

மார்ச் 4

அண்ணனுக்கு,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு விஷயம் தெரிய வேண்டும், அதைக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அவ்வளவுதான்.

போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். அம்மாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "அங்க யாரும் இல்லம்மா, பேசாம படு" என்று சொன்னது உன் குரல். அரை மணி நேரத்தில் அம்மா டேபிளிலேயே போய்விட்டாள். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. எழுது, படிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போதும் அதே கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறேன். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. ஜனவரி கடைசியில் ஒரு நாள் மத்தியானம், கையில் ஒரு லென்ஸை வைத்திருக்கும்போதே நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. தலை பிளந்துவிடும் போல வலி. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, ஆனால் கை ஜில்லென்று இருந்தது. முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறாய் என்றாள். கால் மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது, வந்த சுவடே இல்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு தடவை வந்துவிட்டது. கடையில், பஸ்ஸில், வீட்டில் துணி மடிக்கும்போது. டாக்டர் டென்ஷன் என்கிறார். என் வீட்டுக்காரர் லீவு போடு என்கிறார்.

இதுவரைக்கும் சொன்னதை அவர்களிடமும் சொன்னேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அது வரும்போது வாசற்படியில் ஒரு ஆள் நிற்கிறார். எந்த அறையில் இருந்தாலும் அந்த அறையின் வாசற்படியில். என் கண்ணில் கோளாறு இல்லை, அதை நானே நாலு தடவை சோதித்துப் பார்த்துவிட்டேன். எழுத்துப் பலகையின் கடைசி வரியை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன்.

அம்மாவும் யாரோ நிற்பதாகச் சொல்வாள். அப்போது நான் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன், இரண்டொரு தடவைதான் காதில் விழுந்தது. நீ கூடவே இருந்தாய். அம்மா என்ன பார்த்தாள், எப்படி இருந்தது என்று சொன்னாள்? ஒன்று விடாமல் எழுது. உன் விளக்கம் எதுவும் வேண்டாம்.

உன் தங்கை

•

மார்ச் 11

அன்புள்ள வாலுவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வேலை ஓடவில்லை. ஸ்லைடுகளை அப்படியே வைத்துவிட்டு மைக்ரோஸ்கோப் அறையில் போய் உட்கார்ந்துதான் பிரித்தேன். நானும் அதே ஆஸ்பத்திரி லேபில்தான் இருக்கிறேன். அதே மெழுகு வாசனை, அதே ஓட்டை நாற்காலி. நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறேன், இப்போதெல்லாம் கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பிடிக்கவில்லை. வயசாகிறது, வேறென்ன. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், புதுப் பேனா.

கேட்டதைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் அது வந்தது. வேர்க்கும், வெளுத்துப்போவாள், நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். வாசற்படியைக் காட்டி, "ஒருத்தர் முதுகக் காட்டிட்டு நிக்கிறார்டா" என்பாள். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பாராம். பேச மாட்டாராம். முதலில் வெறும் முதுகுதான். போகப் போக, இன்றைக்குத் தோள் தெரிகிறது, இன்றைக்குக் காது தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் பி.பி. மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷனுக்குச் சேர்த்தோம் அல்லவா, அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிட்டார்டா. வேண்டாம், வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். அதற்குத்தான் நான் அப்படிச் சொன்னேன். சாதாரண ஆபரேஷன், பத்தில் ஒன்பது பேர் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிற ஆபரேஷன். கையெழுத்துப் போட்டதும் நான்தான். நீ அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் என்னைச் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அதை எழுதத்தான் ஒன்பது வருஷமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

ஆனால் உனக்கு வருவது அது இல்லை. நீ சின்ன வயதிலிருந்தே எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்கிறவள். அம்மாவுக்கு நடந்தது உன் உள்ளே கிடக்கிறது, அசதியில் மேலே வருகிறது. நன்றாகத் தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே யாரும் இல்லை, வாலு.

மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

•

மார்ச் 19

அண்ணனுக்கு,

வாலு என்று எழுதாதே. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை உனக்கு எப்போதோ போய்விட்டது.

அங்கே யாரும் இல்லை என்று எழுத உனக்கு எப்படித்தான் கை வந்தது? அதே வார்த்தை. அம்மாவுக்குச் சொன்னதையே எடுத்து எனக்கும் நீட்டுகிறாய். விளக்கம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் ஒரு முழம் எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை.

நிலையில் ஊன்றிய கை பற்றி நான் உனக்கு எழுதவில்லை. முதுகு பற்றியும் எழுதவில்லை. என் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, திரும்பப் படித்துப் பார்த்தேன். அம்மாவும் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை, யாரோ நிற்கிறார் என்பதோடு சரி. ஆனால் நான் பார்ப்பது அதேதான். முதுகு, நிலையில் ஊன்றிய இடது கை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து எழுப்பினாள். வெள்ளிக்கிழமை வந்தபோது அவருடைய தோள் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

இன்னும் இரண்டு விஷயம். எனக்குக் கருப்பையில் கட்டி இருக்கிறது. கெட்ட கட்டி இல்லையாம், ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்பதால் எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி குறித்திருக்கிறார்கள். சாதாரண ஆபரேஷன்தானாம். இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசித்துக்கொள்.

இரண்டாவது, என் கழுத்தில் பட்டாணி அளவுக்கு ஒன்று தட்டுப்படுகிறது. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்குகிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் இருந்தது, சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடுத்தார்கள். உன் லேபுக்குத்தானே வந்தது. அது என்ன ஆயிற்று? அம்மாவுடையது ஏதாவது இன்னும் உன்னிடம் இருக்கிறதா?

தங்கை

•

மார்ச் 26

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டது நல்லதாகப் போயிற்று. இதைச் சொன்னால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

இருக்கிறது. அம்மாவின் தைராய்டில் எடுத்த பாதியை அப்போதே பார்த்து, சாதாரண வீக்கம் என்று பழைய டாக்டர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். மீந்ததை மெழுகில் பதித்து வைப்பது வழக்கம், ஒரு சோப்புக்கட்டியில் கால்வாசி இருக்கும். அலமாரியில் அது பாட்டுக்கு இருந்தது.

அடுத்த வருஷம் எங்கள் லேபுக்குப் புது வேலை வந்தது. சுரப்பிக்குள் எந்த ஹார்மோன் எந்த செல்லில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. மெழுகுக் கட்டியை மெஷினில் சீவி எடுப்போம், ஒரு சீவல் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. அதைக் கண்ணாடியில் ஒட்டி, ஆன்டிபாடியை ஊற்றுவோம். ஆன்டிபாடி என்பது ஆளை அடையாளம் தெரிந்த ஒன்று. திருவிழாக் கூட்டமே இருந்தாலும் தனக்கு வேண்டிய ஆளை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும், மற்றவரைத் தொடாது. பிறகு ஒரு சாயம் ஊற்றினால் அது பிடித்திருக்கும் இடம் மட்டும் பழுப்பாக மாறும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் பழுப்பே வரவில்லை என்றால்? நோயாளியிடம் அந்த ஹார்மோன் இல்லையா, இல்லை நான் ஊற்றிய மருந்துதான் கெட்டுப்போச்சா? அதற்காக, கட்டாயம் பழுப்பாகும் என்று தெரிந்த ஒரு துண்டைக் கூடவே ஒட்டுவோம். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். கால்சிடோனின் என்று ஒரு ஹார்மோன், தைராய்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில்தான் இருக்கும். அதற்குக் கண்ட்ரோல் தேடி ஏழெட்டுப் பேருடையதைப் போட்டுப் பார்த்தேன். தேடித்தேடிக் கண்தான் வலித்தது. அம்மாவுடையதைப் போட்டேன். என்ன அழகாக நிறமேறியது தெரியுமா? ஒரு தடவை கூட ஏமாற்றியதில்லை. பத்து வருஷமாக அம்மாதான் எங்கள் கண்ட்ரோல். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு ஓரத்தில் நோயாளி, இன்னொரு ஓரத்தில் அம்மா.

கட்டி மெலிந்துகொண்டே வருகிறது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். பார்த்துப் பார்த்துத்தான் சீவுகிறேன். அம்மா யாருக்கும் உபயோகமில்லாமல் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கழுத்தைக் காட்டுவதைத் தள்ளிப்போடாதே. ஆபரேஷன் நல்லபடியாக முடியும்.

அண்ணன்

•

மார்ச் 31

இதைப் படித்து எனக்கு ஆறுதல் வரும் என்று எந்த நம்பிக்கையில் எழுதினாய்?

அம்மாவை நறுக்குகிறாய். தினமும் காலையில் போய், டீ குடித்துவிட்டு, அம்மாவை ஒரு சீவல் சீவி, முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் ஒட்டுகிறாய். யாரைக் கேட்டாய்? அம்மா உயிரோடு இருந்தபோதே ஆரம்பித்துவிட்டாய், அவளையாவது கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உனக்கு அம்மா என்றால் கையெழுத்துப் போட ஒரு தாள், சீவ ஒரு கட்டி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்து வருஷமாக நிறம் ஏறியதா, நிறம் ஏறியதா என்று பார்த்தாயே, அம்மாவைப் பார்த்தாயா? ஒரு தடவையாவது, நின்று, அவளுக்கு என்ன என்று பார்த்தாயா?

நேற்று காது தெரிந்தது. ஒன்பதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

இனி எழுதாதே.

•

ஏப்ரல் 6

வாலு, தயவுசெய்து கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. போனில் இருபது தடவை முயன்றுவிட்டேன், நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளை நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அந்த ஆபரேஷனுக்குப் போகாதே. அந்த டேபிளில் படுக்காதே.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கோபம்தான் முதலில் வந்தது, மறைப்பானேன். பிறகு பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்துப் போய் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வழக்கமாக நான் என்ன செய்வேன் தெரியுமா? அம்மா இருக்கிற ஓரத்துக்குப் போவேன், பழுப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை, இருக்கிறது, சரி என்று நோயாளி பக்கம் நகர்ந்துவிடுவேன். இரண்டு விநாடிதான் ஆகும். அன்றைக்கு அங்கேயே இருந்தேன். நோயாளியுடையதைப் பார்ப்பது போல ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க வேண்டிய செல்கள், வாலு. அம்மாவுக்குக் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. சுரப்பிக்குள் குட்டிக் குட்டி அறைகள் உண்டு, அவற்றின் சுவர் ஓரத்தில் எல்லாம் பழுப்பு. ஒரு மூலையில் கூட்டம் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. மற்றவர்களுடையதில் தேடித்தேடிக் கண் வலித்தது என்று எழுதினேனே, அவர்கள்தான் சரியாக இருந்தவர்கள். அம்மாவுடையது அவ்வளவு அழகாக நிறமேறியது ஏன் என்று பத்து வருஷத்தில் நான் ஒரு நாளும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றாக வேலை செய்கிறது, போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் புது டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. பார்த்த உடனே கேட்டார், "இதப் போயா கண்ட்ரோலா வச்சிருந்தீங்க? இது குடும்பத்துல ஓடுற வியாதி. இவங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" நான் இரண்டு பேர் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த வியாதி இருப்பவர்களுக்குத் தைராய்டில் மட்டும் இல்லை, சிறுநீரகத்தின் மேலே குல்லா மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம். அந்தக் கட்டி நினைத்த நேரத்தில் ஹார்மோனை ரத்தத்தில் கொட்டும். புலி எதிரில் வந்தால் உடம்பு என்ன செய்யுமோ அதையெல்லாம் செய்யும், புலி இல்லாமலே. நெஞ்சு தடதடக்கும், வேர்க்கும், வெளுக்கும், தலை பிளக்கும், செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் வரும். கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டிவிடும். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் ஆள் டேபிளிலேயே போய்விடலாம்.

அம்மா அப்படித்தான் போயிருக்கிறாள், கழுத்து ஆபரேஷனின்போது அந்தக் கட்டி இன்னும் வளர்ந்திருக்காது. பதில் என் அலமாரியில் இருந்தது. நான் அதை வைத்து மற்றவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

உன் ஆஸ்பத்திரி நம்பரை வாங்கிவிட்டேன். மயக்க டாக்டர் கிடைக்கும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். இதை மட்டும் நம்பு.

அண்ணன்

•

ஏப்ரல் 20

அண்ணா,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. ஒரு நாள் தாமதம்.

ஒன்பதாம் தேதி காலையில் என்னைத் தயார் செய்து, ஆபரேஷன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் போட்டிருந்தார்கள். அப்போது வந்தது. இதுவரை வந்ததிலேயே பெரியது. அவர் ஆபரேஷன் அறை வாசலில் நின்றார். நர்ஸ்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார்கள். காது தெரிந்தது, கன்னம் தெரிந்தது, கண்ணின் ஓரம் தெரிய ஆரம்பித்தது. நர்ஸிடம் வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அந்தப் பெண் என் தலையைத் தடவி, "பயப்படாதீங்கக்கா, ஒண்ணுமில்ல, பேசாம படுங்க" என்றாள். பாவம், நல்ல பெண். எனக்கு அம்மா அன்றைக்கு எங்கே படுத்திருந்தாள் என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்து மயக்க டாக்டர் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். "உங்க அண்ணன் லேப்ல வேலை செய்றாரா? மூணு நாளா ஆபீஸ்ல எல்லார் உயிரையும் வாங்கியிருக்கார். சீட்டு இப்பதான் என் கைக்கு வந்தது" என்றார். என் பி.பி.யைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் திருப்பச் சொன்னார்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்க அட்ரினலில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. இப்போது மாத்திரை கொடுத்துக் கட்டியை அடக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் மூன்றாம் தேதி எடுக்கிறார்கள், மாத்திரை உள்ளே போயிருப்பதால் பயமில்லையாம். கழுத்தில் இருப்பதையும் கருப்பையில் இருப்பதையும் பிறகு எடுப்பார்களாம். பாப்பாவின் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். அவள் ஊசிக்கு அழவில்லை, நான்தான் அழுதேன்.

அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உன் மேல் கோபம் போகவில்லை. ஆனால் நீ பார்த்தாய். அது தாமதம்தான், இருந்தாலும் பார்த்தாய்.

தங்கை

•

ஏப்ரல் 27

வாலு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைகிறேன்.

அம்மாவின் கட்டியைக் கண்ட்ரோல் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் பெயர் எழுதி, சரியான நோயின் பெயரும் எழுதி, மற்ற நோயாளிகளோடு வைத்திருக்கிறேன். பழைய ரிப்போர்ட்டை டாக்டரம்மா திருத்திக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷம் கழித்து அம்மாவுக்கு அவள் வியாதி என்னவென்று சொல்லியிருக்கிறோம்.

இப்போது உனக்கும் புரிந்திருக்கும், வாசலில் யாரும் இல்லை. அது ஹார்மோன். பயம் முதலில் வந்துவிடுகிறது, அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று மூளை ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. டாக்டரம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். கட்டி போனால் அவரும் போய்விடுவார், பார்.

இங்கே வெயில். ஏசி அறையிலேயே சட்டை நனைந்துவிடுகிறது. எழுத்து கோணலுக்கு மன்னித்துக்கொள், பேனா இன்னும் கைக்குப் பழகவில்லை.

அண்ணன்

•

மே 24

அண்ணா,

நல்லதை முதலில் சொல்கிறேன். கட்டியை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரமாக ஒரு தடவை கூட வரவில்லை. வாசற்படிகள் எல்லாம் வெறும் வாசற்படிகளாக இருக்கின்றன. பாப்பாவுக்கு அந்த வியாதி இல்லை, ரிசல்ட் நேற்று வந்தது. பேப்பரை முத்தமிட்டேன், என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு அவரும் முத்தமிட்டார். நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய். இதை எழுத எனக்கு மனசு முழுசாக வந்துதான் எழுதுகிறேன்.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல். டாக்டர் என்னிடம் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு அண்ணன் என்றேன். அவர் ரத்தம் கொடுத்துவிட்டாரா என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன், பாப்பாவைக் கேட்டிருக்கிறாய். நீ இல்லை. உனக்கும் அதே அம்மாதான், அண்ணா.

நாற்காலியை ஏன் திருப்பிப் போட்டாய்? கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார ஏன் பிடிக்கவில்லை? ஏசி அறையில் ஏன் சட்டை நனைகிறது? மார்ச்சிலும் புதுப் பேனா, ஏப்ரலிலும் புதுப் பேனா. ஒரு பேனா எத்தனை மாதம் புதுசாக இருக்கும்? நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், எதையும் சரியாகப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

யாரும் இல்லை என்று நீ எனக்கு எழுதிய அன்று, உன் அறை வாசலில் நின்றது யார்?

அம்மாவிடம் இல்லை என்று சொல்லிவிட்டதால் இப்போது இருக்கிறார் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை, அதுதானே. ஒத்துக்கொண்டால் அம்மா சொன்னது சரியாகிவிடும். அது சரிதான், அண்ணா. அவள் சரியாகத்தான் சொன்னாள். அதற்காக நீயும் போய்விட வேண்டியதில்லை. எனக்கு உன்னைத் திட்டுவதற்காவது நீ வேண்டும்.

நீ மூளை ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்கிறாய். இருக்கட்டும். உங்கள் முறையிலேயே ஒரு சோதனை வைக்கிறேன். அவருடைய காலில் ஒரு விசேஷம் உண்டு. அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, உனக்கும் எழுதவில்லை. இந்தக் கவருக்குள் இன்னொரு சின்னக் கவர் ஒட்டி வைத்திருக்கிறேன், அதில் வரைந்திருக்கிறேன். நீ பார்த்ததை முதலில் எழுது. எழுதி முடித்த பிறகு பிரி. பொய் சொல்லாதே.

அவர் உனக்கு எது வரைக்கும் திரும்பியிருக்கிறார்?

வாலு

•

மே 29

வாலு,

ஒரு வருஷமாக. மைக்ரோஸ்கோப் அறை வாசலில்தான் முதலில். இப்போது எல்லா வாசலிலும். இதை எழுதும்போதும் நிற்கிறார்.

வலது குதிகால் தரையில் படவில்லை. விரல்களை மட்டும் ஊன்றியிருக்கிறார், அடுத்த அடி எடுத்து வைக்கப் போகிறவர் மாதிரி.

மேலே இருப்பதை எழுதி முடித்துவிட்டு உன் சின்னக் கவரைப் பிரித்தேன். அதேதான். டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் இரண்டையும் வைத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் சட்டைக் கையை மடித்துவிட்டு ரத்தம் எடுத்தார், பி.பி.யைப் பார்த்தார், எதையும் தூக்காதீர்கள், அவசரப்படாதீர்கள் என்று மாத்திரை கொடுத்தார். உன்னைப் பார்க்கும் டாக்டரிடமே சேரச் சொல்லிச் சீட்டும் கொடுத்திருக்கிறார்.

கன்னம் வரைக்கும்.

நாளை காலை பஸ்ஸில் வருகிறேன். ஸ்டாண்டுக்கு நீ வா. என்னைக் கூட்டிப்போய்ப் படுக்க வைக்கும்போது, அவர் அங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்.

அண்ணன்